எந்த மேசையில், யாருக்குப் பக்கத்தில்

கணவர் இறந்த அடுத்த மாதம் நான் செய்த வேலை பெரும்பாலும் நிறுத்துவதுதான். அவருடைய கைத்தொலைபேசியை நிறுத்தினேன். நூலக அட்டை, பஸ் பாஸ், கண் வைத்தியசாலையில் அவருக்குக் கொடுத்திருந்த தவணை, எல்லாவற்றையும் நிறுத்தினேன். ஒவ்வோர் அழைப்பிலும் மறுமுனையில் இருந்தவர் வருந்துகிறேன் என்றார். நான் நன்றி என்றேன். அதன் பிறகு கணவருடைய பிறந்த திகதியைக் கேட்டார்.

அந்த மாதத்தில்தான் சஞ்சிகையும் வந்தது. லண்டன் பிளேஸ்டோவில் எங்கள் வீட்டுக் கதவின் தபால் துவாரத்தில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக நின்றது. மெல்லிய பிளாஸ்டிக் உறை, அவர் பெயர், நோர்வே முத்திரை.

தொழிலாளர் வரலாற்றுக்கென்றே நோர்வேயில் ஒரு சங்கம் வெளியிடும் சஞ்சிகை அது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை. நாங்கள் கலியாணம் செய்த நாளிலிருந்து அது எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. இளவயதில் அவர் நோர்வேயின் வடக்கு முனையில், கடலோரச் சிற்றூர் ஒன்றில் இருந்த மீன் தொழிற்சாலையில் வேலை செய்தவர். தொழிற்சாலையை மூடியதும் லண்டனுக்கு வந்து, பேக்கரியொன்றின் பாண் வான் ஓட்டி, என்னைக் கலியாணம் செய்தார். நோர்வே நான் பார்க்காத காலம். அதைப் பற்றி நான் கேட்டபோது, "மீன் பக்டறி. குளிர்" என்றார். திரும்பக் கேட்டபோதும் அதே இரண்டு சொல்தான். அந்த மொழி எனக்குத் தெரியாது. மொழி மறந்து போகாமல் இருக்க வாசிக்கிறார் என்று நினைத்திருந்தேன்.

சஞ்சிகையை நான் வாசித்ததில்லை, பார்த்திருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழில் வேலை பழகியவளுக்கு மொழி தெரியாவிட்டாலும் பக்க அமைப்புத் தெரியும். நல்ல தாள். கறுப்பு வெள்ளைப் படங்கள் அதிகம்: மரம் அறுக்கும் ஆலை, சுரங்க வாசல், துறைமுகம். எல்லாப் படத்தின் கீழும் இடமிருந்து வலமாகப் பெயர்கள். முதுகு காட்டி நிற்பவருக்கும் பெயர் இருந்தது. எங்கள் பத்திரிகையில் அப்படி ஒரு படம் வந்தால் முதலாளிக்கும் பிரதம விருந்தினருக்கும் மட்டும் பெயர் போட்டு, மிச்சப் பேரை "ஊழியர்கள்" என்று முடித்துவிடுவோம்.

நிறுத்தச் சொல்லி ஆங்கிலத்தில் மூன்று வரி மின்னஞ்சல் அனுப்பினேன். சந்தாதாரர் இறந்துவிட்டார், இனி அனுப்பவேண்டாம், நன்றி.

ஆசிரியராக இருந்த பெண் அன்றே பதில் எழுதினார். அனுதாபம் தெரிவித்திருந்தார். பிறகு ஒரு விடயம் கேட்டிருந்தார். சஞ்சிகையின் கடைசிப் பக்கங்களில் காலமான சங்க உறுப்பினர்களைப் பற்றிச் சில வரிகள் வெளியிடுவது வழக்கமாம். சாதாரண வேலையாட்களுக்கும் உண்டு, சொல்லப்போனால் அவர்களுக்குத்தான் அந்தப் பக்கம். கணவரைப் பற்றி நான் எழுதித் தர முடியுமா? மாதக் கடைசியில் இதழ் அச்சுக்குப் போகிறது. அதற்குள் வராவிட்டால் அவர் பெயர் மட்டும் வரும்.

எனக்கு இது சின்ன வேலையாகத் தெரிந்தது. நாளிதழில் நான் முதலில் இருந்தது மரண அறிவித்தல் மேசையில். துண்டுக் கடதாசியில் உறவுகளை எழுதிக்கொண்டு வருவார்கள். நான் வரிசைப்படுத்துவேன். பிறப்பிடம், வதிவிடம், காலஞ்சென்ற இன்னாரின் அன்பு மகன், இன்னாரின் அன்புக் கணவர், பாசமிகு தந்தை, மைத்துனர், சகலன், மாமன். ஒரு மைத்துனரை விட்டுவிட்டால் மறுநாள் காலையில் அவர் அலுவலக வாசலில் நிற்பார். என் மேசையில் ஒரு மைத்துனரும் விடுபட்டதில்லை.

கணவருடைய அறிவித்தலையும் நானே எழுதியிருந்தேன். இணையத்தில் போட்டது. அதையே ஆங்கிலத்தில் திருப்பி நோர்வேக்கு அனுப்பினேன். 'சகலன்' என்பதற்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் இல்லாததால் 'மனைவியின் சகோதரியின் கணவர்' என்று விரித்தேன். அதில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது. அந்த மாதத்தில் எனக்கு வந்த ஒரே உணர்ச்சி அதுவாக இருக்கலாம்.

இரண்டொரு நாளில் பதில் வந்தது. மிக மரியாதையாக எழுதியிருந்தார். இவ்வளவு பெரிய குடும்பத்தைப் பற்றி அறிந்ததில் மகிழ்ச்சி. ஆனால் எங்கள் வாசகர்கள் தெரிந்துகொள்ள விரும்புவது அவருடைய வேலையைப் பற்றி. தொழிற்சாலையில் அவர் என்ன செய்தார்? எந்த மேசையில் நின்றார், யாருக்குப் பக்கத்தில்?

நான் எழுதியதைத் திரும்ப வாசித்தேன். நூற்றுக்கு மேற்பட்ட சொற்கள். அவருடைய வேலை அதில் ஓரிடத்திலும் இல்லை. நோர்வே என்ற சொல்லும் இல்லை. அதிபராகவோ தபாலதிபராகவோ இருந்திருந்தால் பெயருக்குக் கீழே அடைப்புக்குறிக்குள் போட்டிருப்பேன். மீன் வெட்டியவர்களுக்கு அந்த அடைப்புக்குறி கிடையாது. என் மேசையில் யாரும் அதைக் கேட்டதில்லை.

அன்று பின்னேரம் மகள் வந்தாள்.

"அப்பா நோர்வேயில என்ன வேலை செய்தவர்?" என்று கேட்டேன்.

"பிஷ் பக்டறி அம்மா."

"அங்கை என்ன?"

"ஐ டோன்ட் நோ. பிஷ் வெட்டியிருப்பார். ஜஸ்ட் 'பக்டறி வேர்க்கர்' எண்டு போடுங்கோ. ஆர் பாக்கப் போகினம்?"

"அவை எந்த மேசை எண்டு கேக்கினம்."

மகள் என்னைப் பார்த்தாள். நான் சாப்பிட்டேனா என்று கேட்டாள். அவள் அப்படிக் கேட்கத் தொடங்கினால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான், தெரிந்த ஆளிடம் போய்க் கேட்பது. வால்தம்ஸ்டோவில் கணவரோடு அதே தொழிற்சாலையில் வேலை செய்த ஒருவர் இருக்கிறார். பலசரக்குக் கடை வைத்திருந்து, இப்போது மகனிடம் கொடுத்துவிட்டு வீட்டில் இருப்பவர். செத்தவீட்டுக்கு வந்து, வாசலில் நின்று, கையைக் கட்டிக்கொண்டு போனவர். நான் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவது. பஸ் மாறிப் போனேன்.

அவருடைய மனைவி தேத்தண்ணீர் கொண்டுவந்தார். நான் விடயத்தைச் சொன்னேன்.

"எந்த மேசையோ?" என்று அண்ணை சிரித்தார். "பொம்பிளையளின்ர மேசை."

"வாயை வைச்சுக்கொண்டு இருங்கோ. செத்த மனுசனைப் பற்றி" என்றார் மனைவி.

"இல்லையப்பா, உண்மையைத்தானே சொல்லுறன். தங்கச்சி கேக்கிறா." என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு அந்தாள் சொல்லேல்லையோ?"

"குளிர் எண்டு மட்டும் சொன்னவர்."

"அது சரி. குளிர்தான்."

பிறகு விளக்கமாகச் சொன்னார். ஆம்பிளைகள் மெசினில். அண்ணையின் மெசின் கொட் மீனை இரண்டாகப் பிளந்து முள்ளெடுத்துத் தள்ளும். துண்டங்கள் பெல்ட்டில் ஒரு நீள மேசைக்குப் போகும். மேற்பலகை கண்ணாடி. அடியில் வெளிச்சம். துண்டத்தை அதன் மேல் விரித்தால் சதைக்குள் இருக்கிற புழு கறுப்பாகத் தெரியும். கத்தி முனையால் கிளப்பி எடுத்து, தவறிய முள்ளையும் எடுத்து, அடுத்ததைப் போடவேண்டும். அந்த மேசையில் நின்றதெல்லாம் அந்த ஊர்ப் பெண்கள். போர்மன் ஒருநாள் ஆள் குறைவென்று இவரை அங்கே நிறுத்திப் பார்த்தார். இவர் விட்ட துண்டத்தில் ஒரு புழுவும் இல்லை. அதோடு அங்கேயே விட்டுவிட்டார்கள்.

"நாங்கள் கண் டொக்டர் எண்டுதான் கூப்பிடுறது. டொக்டர், இண்டைக்கு எத்தினை பேசன்ட் எண்டு கேப்பம். அந்தாள் ஒண்டும் பறையாது."

"பெடியள் மாமி எண்டும் கூப்பிட்டவையாம், இவர்தான் எனக்குச் சொன்னவர்" என்றார் மனைவி.

"அது பகிடிக்கு."

இது எனக்குப் புதுச் செய்தி. ஆனால் முழுக்கப் புதிதும் இல்லை. அப்டன் பார்க் கிரீன் ஸ்ட்ரீட்டில் நாங்கள் மீன் வாங்கும் கடையில், வெட்டிய துண்டத்தைக் கணவர் கையில் எடுத்து, கடையின் ரியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். பின்னால் வரிசையில் ஆட்கள் நிற்பார்கள். கடைக்காரர், "அண்ணை எக்ஸ்ரே எடுக்கிறார், கொஞ்சம் பொறுங்கோ" என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்வார். நான் மரக்கறிப் பக்கம் போய் நின்றுகொள்வேன். வீட்டில் அதைப் பற்றி நான் கேட்டதில்லை. சந்தேகக் குணம் என்று முடிவு செய்திருந்தேன்.

அண்ணை தேத்தண்ணீரைக் குடித்து முடித்தார். பிறகு, கேட்காமலே, அடுத்ததைச் சொன்னார்.

"ஒருநாள் அந்தாளால லைன் நிண்டது."

அந்தப் பருவத்தில் மீனில் புழு அதிகமாம். போர்மன் பெல்ட்டின் வேகத்தைக் கூட்டினார். முழு லைனுக்கும் சேர்த்து நிறைக் கணக்கில்தான் மேலதிகச் சம்பளம். ஒருவர் மெதுவென்றால் எல்லாருக்கும் குறையும். மத்தியானத்துக்குப் பிறகு இவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் கண்ணாடியின் மேல் வைத்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் நின்ற நோர்வேப் பெண்ணும் கத்தியை வைத்தார். அவருக்குப் பக்கத்தில் நின்றவரும். கொஞ்ச நேரத்தில் அந்த மேசையில் ஒரு கையும் அசையவில்லை.

"நீங்கள்?" என்று கேட்டேன்.

"நான் மெசினை நிப்பாட்டேல்லை. எங்கட பெடியள் ஒருத்தரும் நிப்பாட்டேல்லை. விசா, வீடு, ஊருக்குக் காசு. நிப்பாட்டுறதெண்டால் ஆரைக் கேட்டு நிப்பாட்டுறது? மீன் போய்க்கொண்டே இருக்கு. மேசை நிரம்பி நிலத்தில விழுது. நான் விட்டுக்கொண்டே இருக்கிறன்."

"பிறகு?"

"பிறகென்ன. பெல்ட்டைக் குறைச்சினம். அந்தக் கிழமை சம்பளம் எல்லாருக்கும் அடி. நான் அந்தாளோட கன நாள் கதைக்கேல்லை."

"ஏன் அப்பிடிச் செய்தவர்?"

"ஆர் கேட்டது?"

அவருடைய மனைவி கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அண்ணை குரலைக் குறைத்தார்.

"தங்கச்சி, இதை எழுதப் போறீங்களோ?"

"தெரியேல்லை அண்ணை."

"எழுதினால் அவருக்குப் பெருமைதான். ஓம். ஆனால் நாங்கள்? வெள்ளைக்காரப் பொம்பிளையள் கத்தியை வைச்சினம், தமிழர் மெசினை நிப்பாட்டேல்லை. அதுதானே வரும்? அந்தப் புத்தகம் அங்கை எங்கட ஆக்களின்ர பிள்ளையள் எல்லாம் வாசிக்குதுகள். எனக்கும் பேரப்பிள்ளையள் இருக்கு."

நான் ஒன்றும் உறுதி கொடுக்கவில்லை. பஸ்ஸில் மேல்தட்டில் இருந்து கடைகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன். என் கணவர் ஒரு வேலைநிறுத்தத்தைத் தொடங்கினவர் என்று எனக்குள் சொல்லிப் பார்த்தேன். வேறு யாரையோ பற்றிய செய்தித் தலைப்புப் போல இருந்தது.

ஒருவர் மட்டும் சொன்னது செய்தியல்ல என்று நாளிதழில் எனக்குக் கற்பித்திருந்தார்கள். ஆசிரியருக்கு எழுதினேன். வெளிச்ச மேசையில் ஒருநாள் வேலை நின்றதாகச் சொல்கிறார்கள், இதை உறுதிப்படுத்த அந்த ஊரில் யாராவது இருக்கிறார்களா? மெசின்களைப் பற்றி நான் எழுதவில்லை.

மாதக் கடைசி நெருங்கியபோது பதில் வந்தது. அவர் தொழிற்சாலை இருந்த ஊருக்குத் தொலைபேசி எடுத்து விசாரித்திருந்தார். அந்த நிறுத்தம் அந்த ஊரில் தெரிந்த கதைதானாம். வேகத்தைக் கூட்டியதற்கு எதிராகப் பெண்கள் செய்த எதிர்ப்பு என்றே இதுவரை சொல்லப்பட்டு வந்திருக்கிறது. கணவருக்குப் பக்கத்தில் நின்ற பெண் இப்போது முதியோர் இல்லத்தில் இருக்கிறார். ஆசிரியர் அவரோடு பேசியிருக்கிறார். ஆமாம், முதலில் கத்தியை வைத்தது அந்தத் தமிழ் ஆள்தான் என்றாராம். ஆனால் எதிர்ப்பென்று வைக்கவில்லை என்று அந்தப் பெண் சொன்னதை அப்படியே எழுதியிருந்தார்: அவருடைய கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கண் தெரியவில்லை என்று என்னிடம் சொன்னார். காலையிலிருந்து அந்த வெளிச்சத்தைப் பார்த்து அவருக்குக் கண் தெரியவில்லை. அவர் வைத்தார் என்று நான் வைத்தேன். நான் வைத்தேன் என்று மற்றவர்கள் வைத்தார்கள்.

கடைசியில் ஆசிரியர் கேட்டிருந்தார்: எப்படிப் போடுவது? எதிர்ப்பைத் தொடங்கியவர் என்று எழுதினாலும் எங்கள் சங்கத்தில் யாரும் மறுக்கப் போவதில்லை. நீங்கள் குடும்பம். உங்கள் விருப்பப்படி.

அந்த மின்னஞ்சலை வாசித்தபோது பின்னேரம். நவம்பர் மாதத்தில் லண்டனில் அந்த நேரத்துக்கே இருட்டிவிடும். நான் முன்னறையில் லைட் போடாமல் இருந்தேன். இது அவருடைய பழக்கம். இருட்டத் தொடங்கிய அறையில் ஜன்னலோரமாக இருப்பார். நான் உள்ளே வந்து லைட்டைப் போடுவேன். நான் வெளியே போனதும் அணைப்பார்.

"இஞ்சாருங்கோ, லைட்டைப் போட்டால் என்ன குறைஞ்சு போகும்?"

"வேண்டாம். இருக்கிற வெளிச்சம் காணும்."

கரண்ட் பில்லுக்காக என்று நினைத்தேன். அக்காவிடம் அப்படித்தான் சொல்லிச் சிரித்திருக்கிறேன். மேசை விளக்கொன்று வாங்கிக் கொடுத்தபோது அதை மகளின் அறையில் கொண்டுபோய் வைத்தார்.

நான் எழுந்து லைட்டைப் போட்டேன். எழுதுவதற்கு வெளிச்சம் வேண்டியிருந்தது.

எதிர்ப்பைத் தொடங்கியவர் என்று எழுதலாம். நல்ல வரி. எந்த ஆசிரியரும் அதை மேலே தூக்கிப் போடுவார். ஆனால் இரண்டு பேர் சொன்னதில் இரண்டும் பொருந்திய இடம் ஒன்றுதான், அவர் கத்தியை வைத்தார், மற்றவர்கள் வைத்தார்கள். காரணத்தைச் சொன்னவர் பக்கத்தில் நின்றவர். அதை மாற்ற எனக்கு இடமில்லை.

இப்படி எழுதினேன்: 'அவர் வெளிச்ச மேசையில் வேலை செய்தார். அந்த மேசையில் நின்ற ஒரே ஆண். மீனிலிருந்து புழுவையும் முள்ளையும் எடுத்தார். பெல்ட்டின் வேகத்தைக் கூட்டிய ஒருநாள் கண் தெரியாமல் கத்தியைக் கீழே வைத்தார். பக்கத்தில் நின்றவர்களும் வைத்தார்கள். பெல்ட்டைக் குறைத்தார்கள். பிற்காலத்தில் லண்டனில் பாண் வான் ஓட்டினார்.' மகன், மைத்துனர், சகலன் எவரும் இல்லை. என் பெயரும் இல்லை. மெசின்களும் இல்லை. கேட்டது அவரைப் பற்றி. அனுப்பினேன்.

இதழ் தை மாதத்தில் வந்தது. உறையில் இப்போது என் பெயர். நிறுத்தச் சொன்னது அவர்களுக்கு மறந்துவிட்டதா, வேண்டுமென்றே மாற்றினார்களா தெரியவில்லை. கடைசிப் பக்கத்தில் அவர் பெயர் இருந்தது. கீழே எட்டோ ஒன்பதோ வரி. படம் இல்லை. நான் அனுப்பியதை விடக் கொஞ்சம் நீளமாகத் தெரிந்தது. மகளின் போனில் படம் பிடித்தால் மொழிபெயர்த்துக் காட்டும். நான் அதைச் செய்யவில்லை. பையில் வைத்துக்கொண்டு வால்தம்ஸ்டோவுக்குப் போனேன்.

அண்ணை கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வாசித்தார். உதடு அசைந்தது. அவருடைய மனைவி கதவு நிலையில் சாய்ந்து நின்றார்.

"சத்தமா வாசியுங்கோவன். நாங்களும் கேப்பம்."

"பொறும்."

முடித்துவிட்டு, திரும்பவும் தொடக்கத்திலிருந்து வாசித்தார்.

"எங்களைப் பற்றி ஒண்டும் இல்லை."

"இல்லை அண்ணை."

"ம்." பக்கத்தை முழங்காலில் வைத்தார். பிறகு விரலால் ஒரு வரியைத் தட்டினார். "இதில ஒரு பிழை இருக்கு."

"என்ன பிழை?"

"பக்கத்தில நிண்ட அந்த மனுசியின்ர பேரையும் போட்டிருக்கினம். இவருக்கு இடப்பக்கத்தில நிண்டவ எண்டு. பிழை. வலப்பக்கம். எனக்கு நல்ல ஞாபகம். இவர், இவருக்கு வலப்பக்கத்தில அந்த மனுசி, பிறகு ஒரு குமர்ப்பிள்ளை, பிறகு மொத்தமான ஒரு மனுசி. அடுத்த புத்தகத்தில திருத்தம் போடச் சொல்லுங்கோ. எழுதுறதெண்டால் சரியா எழுதவேணும்."

பெண்ணின் பெயரையும் பக்கத்தையும் ஆசிரியர் சேர்த்திருக்கவேண்டும். யாருக்குப் பக்கத்தில் என்று தான் கேட்ட கேள்விக்கு அவரே முதியோர் இல்லத்திலிருந்து பதிலைப் பெற்றிருக்கிறார். திருத்தம் போடுவது எனக்குத் தெரிந்த வேலை. குறிப்பெடுக்கப் பேனாவை எடுத்தேன். எடுத்த பிறகுதான் கேட்டேன்.

"அண்ணை, உங்கட மெசின் எந்தப் பக்கம்?"

"மேசைக்கு நேர முன்னால. எதிர்ப்பக்கம்."

"அப்ப நீங்கள் அவையின்ர முகத்தைப் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள்."

"ஓம்."

அவர் தன்னுடைய வலது கையைப் பார்த்தார். பிறகு இடது கையை. கண்ணாடியைக் கழற்றினார். மனைவி ஏதோ பகிடி சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் குசினிக்குள் போனார்.

"அப்ப இடப்பக்கம் சரிதான்" என்றார் அண்ணை. "நான் பாத்த பக்கத்தாலதான் வலம்."

"ஓம் அண்ணை."

"முழுநேரமும் பாத்துக்கொண்டுதான் நிண்டனான்."

நான் பேனாவை மூடிப் பையில் வைத்தேன். சஞ்சிகையை அவர் திருப்பித் தரவில்லை. முழங்காலில் விரித்தபடியே வைத்திருந்தார். நான் கேட்கவும் இல்லை. அடுத்தது சித்திரையில் வரும். அதை நிறுத்துவதற்கு நான் இன்னும் திரும்ப எழுதவில்லை.